எனக்குப் பிறன் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் பதினோரு வருஷமாக ஓய்வுநாள் பாடசாலையில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடுகையும் என் பொறுப்புதான். லூக்கா பத்தாம் அதிகாரம், அதுதான் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் ஒருவன் காப்பாற்றுகிற நல்ல சமாரியன் கதை, வந்துவிட்டால் அன்றைக்குப் பாடம் நேரத்துக்கு முடியாது. சந்தேகம் மேல் சந்தேகம். வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றை எழுதிவைத்துக்கொண்டே வந்தேன். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இங்கே கொடுத்திருக்கிறேன்.

நான் இறையியல் கல்லூரிக்குப் போனவள் இல்லை. வேதத்தை வரிவரியாக வாசிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே இருப்பவற்றில் பாதிக்குமேல் "எங்கே நிறுத்திக்கலாம்?" என்ற ஒரே கேள்வியின் வேறு வேறு வேஷங்கள். இயேசுவிடம் "எனக்குப் பிறன் யார்?" என்று முதன்முதலில் கேட்ட நியாயசாஸ்திரிக்கும், அதாவது மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைக் கற்றவனுக்கும், அதுதான் தெரியவேண்டியிருந்தது.

டீச்சர், பிறன்னா பக்கத்து வீட்டுக்காரங்களா?

நாம் ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக" என்று இருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் "அடுத்திருப்பவர்". கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்குக் "கிட்ட இருக்கிறவன்" என்றுதான் பொருள். ஆக, சொல்லை மட்டும் பார்த்தால் "அடுத்திருப்பவர்" நெருக்கமான மொழிபெயர்ப்பு.

ஆனால் எனக்குப் "பிறன்" என்ற சொல்லின்மேல் தனிப் பிரியம். தமிழில் பிறன் என்றால் நம்மவன் இல்லாதவன். பிறன்மனை, பிறன்பொருள் என்று சொல்லும்போது நடுவில் ஒரு வேலி தெரிகிறது இல்லையா? கிட்ட இருக்கிறவனிடம் அன்பாயிரு என்று யூதருக்குச் சொன்ன கட்டளை, தமிழுக்கு வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவனிடம் அன்பாயிரு என்று ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ என்னவோ, இயேசு சொன்ன கதை போய் நிற்பது அந்த வேலிக்கு அந்தப் பக்கத்தில்தான்.

இது இயேசு புதுசாச் சொன்ன கட்டளைதானே?

இல்லை. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19:18-ஐ எடுத்துப் பாருங்கள், அதே கட்டளை அங்கே இருக்கிறது. லூக்காவில் இன்னும் ஒரு வேடிக்கை. இந்த வசனத்தைச் சொல்வது இயேசு இல்லை, நியாயசாஸ்திரிதான். "நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது?" என்று இவர் திருப்பிக் கேட்க, அவனே தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு இரண்டையும் சேர்த்து ஒப்பிக்கிறான். பதில் தெரிந்தவன் கேட்ட கேள்வி அது.

யூத வேத போதகர்களான ரபிகளும் இதைப் பெரிதாகத்தான் மதித்தார்கள். ஒற்றைக் காலில் நிற்கிற நேரத்துக்குள் வேதம் முழுவதையும் சொல்லிக்கொடு என்று ஒருவன் வந்து கேட்டானாம். "உனக்கு வெறுப்பானதை அடுத்தவனுக்குச் செய்யாதே. மீதியெல்லாம் இதற்கு விளக்கம், போய்ப் படி" என்று ரபி ஹில்லேல் சொல்லி அனுப்பினாராம். அவருக்குப் பின்வந்த ரபி அகிபா, லேவியராகமத்து வசனத்தைத் தோராவின், அதாவது மோசேயின் ஆகமங்களின், பெரிய விதி என்றே சொன்னார்.

அந்த 19-ஆம் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். அன்பு என்று அது சொல்வது எதை? வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன் கையில் இருக்கக் கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடனுக்கு முன்னால் தடுக்கல் வைக்காதே. தராசிலும் படியிலும் ஏமாற்றாதே. எல்லாம் வயல், கூலி, கடை. 34-ஆம் வசனம் வரும்போது உன்னிடத்தில் தங்கும் அந்நியனிடத்திலும் அதே அன்பு வேண்டும் என்கிறது, நீங்களும் எகிப்திலே அந்நியராயிருந்தீர்களே என்று காரணத்தோடு.

ஆசாரியன் ஏன் ஒதுங்கிப் போனான்? தீட்டுப் பட்டுரும்னுதானே? அது அவன் தப்பா?

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற ஒருவனைக் கள்ளர் அடித்து, வஸ்திரத்தை உரிந்து, குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வழியாக வருகிற ஆசாரியனும் (ஆலயத்தில் பலி செலுத்துகிறவன்), பிறகு லேவியனும் (ஆலயப் பணியாளன்) அவனைக் கண்டு பக்கமாய் விலகிப் போகிறார்கள். ஏறக்குறைய 27 கிலோமீட்டர் பாதை அது. எருசலேம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எரிகோவோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். வழிநெடுக மொட்டைப் பாறையும் பள்ளத்தாக்கும் இறக்கமும்தான். கள்ளர் பதுங்க ஏற்ற இடம்.

ஆசாரியன் நெருங்கிய உறவினர் தவிர வேறு பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்படக் கூடாது என்று லேவியராகமம் 21-இல் இருப்பது உண்மை. இந்தச் சமாதானத்தைப் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஆசாரியன் "அந்த வழியே வந்து" என்று மட்டும் இருக்கிறது. கிரேக்கத்தில் "இறங்கி வந்தான்" என்று இருக்கிறது. எருசலேமைவிட்டு இறங்குகிறவனுக்கு ஆலயத்தில் பணிசெய்யும் முறை முடிந்திருக்கும். தீட்டானாலும் அன்றைக்குப் பலி நின்றுபோகாது. இரண்டாவது, கேட்பாரற்றுக் கிடக்கும் பிணம் என்றால் பிரதான ஆசாரியனேகூட தீட்டைப் பார்க்காமல் அடக்கம் செய்யவேண்டும் என்பது யூத ரபிகளின் சட்டம். அதுவும் இவன் பிணமே இல்லை, குற்றுயிர்.

இவ்வளவு சொல்லிவிட்டாலும், அவன் ஏன் போனான் என்று கதை சொல்லவில்லை. அந்த இடத்தை நம்முடைய சாக்குகளால் நாமே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தமாதிரி இருக்கிறது.

சமாரியனுக்கும் யூதனுக்கும் அப்படி என்ன பகை? பக்கத்து ஊர்க்காரங்கதானே?

பக்கத்தில் இருந்ததுதான் வினை. இரண்டு பேருக்கும் மோசேயின் ஆகமங்களே வேதம், ஒரே முற்பிதாக்கள். தொழவேண்டிய இடம் எருசலேம் என்றனர் யூதர், கெரிசீம் மலை என்றனர் சமாரியர். கிறிஸ்துவுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்க்கானு கெரிசீமில் இருந்த சமாரியரின் கோயிலை இடித்துப்போட்டான். அதற்கப்புறம் தண்ணீர் புழங்குவதுகூட இல்லை. சமாரியர் இன்றும் இருக்கிறார்கள். மொத்தமே ஆயிரம் பேருக்குள்தான், அதே கெரிசீம் மலையிலும் டெல் அவீவுக்குப் பக்கத்து ஹோலோன் நகரத்திலும்.

லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால்தான் இந்தக் கதையின் காரம் தெரியும். ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்குத் தங்க இடம் தர மறுக்கிறது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்து அவர்களை அழித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அது நடந்து அடுத்த அதிகாரத்திலேயே, தமக்குக் கதவைச் சாத்தின சாதியிலிருந்து ஒருவனை இயேசு கதாநாயகனாக்குகிறார். கடைசியில் "இவர்களில் யார் அவனுக்குப் பிறனாயிருந்தான்?" என்று கேட்டபோது நியாயசாஸ்திரிக்குச் "சமாரியன்" என்ற பெயரே வாயில் வரவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று சுற்றிவளைத்துச் சொல்கிறான்.

கேள்வி புரண்டுவிட்டதையும் கவனியுங்கள். எனக்குப் பிறன் யார் என்று இவன் கேட்டான். அவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று அவர் கேட்டார். பட்டியல் வாங்க வந்தவன் கையில் வேலையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மனசுல அன்பே வரல. வராம செஞ்சா அது வேஷம் இல்லையா?

சமாரியன் மனதுருகினான் என்று ஒரே வரி. மீதியெல்லாம் கையும் காலும் செய்த வேலை. கிட்ட வந்தான், காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் சுயவாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான், மறுநாள் இரண்டு பணம் எடுத்துக் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒருநாள் கூலி என்று மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக் கதையிலிருந்து தெரிகிறது. இரண்டு நாள் சம்பளம் போயிற்று.

என் கதை ஒன்று. அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் எங்களுக்கும் முருங்கைமரக் கிளை விஷயமாக மூன்று வருஷம் பேச்சு கிடையாது. அவர்கள் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது மகன் மும்பையில் இருந்தார். நான் கஞ்சி கொண்டுபோனேன். முதல்நாள் தூக்குச்சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, மூடியை இரண்டு தட்டுத் தட்டிச் சத்தம் காட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். மனசில் அன்பு என்று ஒரு சொட்டு இல்லை, ஊர் என்ன சொல்லும் என்ற பயம்தான். பத்துநாள் கழித்து "உப்பு கூடிப்போச்சு" என்று அந்தம்மா குறைசொன்னார்கள். அன்றைக்குத்தான் உள்ளே போய் உட்கார்ந்தேன். கஞ்சி முதலில் போயிற்று, நான் பிறகு போனேன்.

முதல் கற்பனை கடவுள்மேல அன்பு. இது ரெண்டாவதுதானே? ஜெபத்தைக் குறைச்சுட்டு சமூக சேவை செய்யச் சொல்றீங்களா?

கற்பனை என்றால் கட்டளை. இது இரண்டாவதுதான். ஆனால் "இதற்கு ஒப்பாயிருக்கிற இரண்டாம் கற்பனை" என்கிறார் இயேசு (மத்தேயு 22). இந்த இரண்டிலும்தான் நியாயப்பிரமாணம் முழுவதும் அடங்கியிருக்கிறதாம். ஜெபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஜெபம் உண்மையா என்று தெரிந்துகொள்கிற இடம் இது என்கிறேன். மலைப்பிரசங்கத்தில் இன்னும் கடுமையாக இருக்கிறது. பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, ஒப்புரவாகிவிட்டு வா. ஆராதனையையே நடுவில் நிறுத்தச் சொல்கிறார்.

யோவானின் முதல் நிருபம் 4:20 இன்னும் சுருக்கம்: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" அப்படிப்பட்டவனுக்கு அந்த வசனம் வைத்திருக்கும் பெயர் "பொய்யன்".

"விசேஷமாக விசுவாசக் குடும்பத்தார்களுக்கும்"னு இருக்கே. அப்ப நம்ம ஆளுங்களுக்குத்தானே முதல்ல?

கலாத்தியர் 6:10. வசனத்தைப் பாதியில் பிடித்திருக்கிறீர்கள். "யாவருக்கும்" என்று தொடங்கிவிட்டுத்தான் "விசேஷமாக" என்று வருகிறது. வீட்டில் பிள்ளைக்கு முதலில் பரிமாறுவதை யாரும் குறைசொல்லப்போவதில்லை. பிள்ளைக்கு மட்டும்தான் என்று பானையை மூடுவது வேறு.

உதவி செஞ்சு மதம் மாத்தத்தானே இதெல்லாம்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. என்ன சொல்ல?

நேர்மையாகச் சொன்னால், அப்படி நினைத்துச் செய்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அரிசிப் பையோடு கைப்பிரதியும் போனால் கேட்கிறவர் கேட்கத்தான் செய்வார். சமாரியன் அடிபட்டவனிடம் கெரிசீம் மலைக்கு வா என்று கூப்பிடவில்லை. பெயரைக்கூடச் சொன்னதாக இல்லை. அந்த அளவுகோலை வைத்து முதலில் நம்மை அளந்துகொள்ளலாம்.

ஆபீஸில் சொல்ல ஒரு நிஜக் கதை வேண்டுமென்றால் ஐடா ஸ்கடரைச் சொல்லுங்கள். 1890-களில் திண்டிவனத்தில், மருத்துவரான தகப்பனாரின் வீட்டில் இருந்த இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர்பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கிற மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். அவர்களில் பிராமணரும் உண்டு, முஸ்லிமும் உண்டு. ஆண் மருத்துவர் பார்க்க மூவருமே சம்மதிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பி, வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி., அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த மூன்று வீட்டுக்காரரும் வந்து கதவைத் தட்டினது தங்கள் நம்பிக்கையோடேதான். அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடி வைத்தியம் செய்ய ஒரு பெண் மருத்துவர் வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

"உன்னைப்போல"ன்னா முதல்ல என்னை நான் நேசிக்கணும்லா? அடிக்கிற புருஷனையும் பொறுத்துப் போன்னு சொல்றாங்களே, அதுவும் பிறன் அன்புதானா?

இதைக் கேட்டவர் கூட்டம் முடிந்து செருப்பு போடுகிற நேரத்தில் தணிந்த குரலில் கேட்டார். அப்படிக் கேட்கிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

இல்லை. அடிவாங்கிக்கொண்டு கிடப்பது அன்பு என்று அந்தக் கட்டளையில் இல்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் "கள்ளரை மன்னித்துவிட்டு இங்கேயே படுத்திரு" என்று சமாரியன் சொல்லவில்லை, அங்கிருந்து தூக்கிக்கொண்டு போனான். அந்தக் கதையில் உங்கள் இடம் சமாரியனுடையது என்று யார் சொன்னது? நீங்கள் அடிபட்டவர். பிறனாக வரவேண்டியது நாங்கள், சபை. அவசரம் என்றால் 181-க்கு அழையுங்கள், பெண்கள் உதவி எண். என் வீட்டுக் கதவும் இருக்கிறது.

கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோகிறவர்களும் இதே கேள்வியை வேறுவிதமாகக் கேட்கிறார்கள். சமாரியன் தன் பயணத்தை ரத்து செய்யவில்லை. ஓர் இரவு கூட இருந்தான், சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான், தன் வேலையைப் பார்க்கப் போனான், திரும்பி வருகிறேன் என்று சொல்லிவைத்தான். பாரத்தை இன்னொருவரோடு பங்குபோடுவதை அந்தக் கதை குறையாக நினைக்கவில்லை.

எங்ககிட்டயே ஒண்ணும் இல்ல. நாங்க என்னத்தக் குடுக்க?

நம் அம்மாக்கள் செய்த கைப்பிடி அரிசியை மறந்துவிட்டீர்களா? உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருக்கிற தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். எங்கள் அம்மா, அரிசி குறைவாக இருந்த நாளில் பிடியைச் சின்னதாக்கினார்களே தவிர நிறுத்தினதில்லை. இப்போது குக்கரில் டம்ளரால் அளந்து போடுகிறோம், கலயம் போய்விட்டது.

அக்கா, ரோட்ல அடிபட்டவரைத் தூக்கினா போலீஸ், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களே?

முன்பு அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளை ஏற்றுக் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் தலைப்பே நம் கதையின் பெயர்தான், நல்ல சமாரியர். லூக்காவின் சமாரியன் இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டான்!

நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பார்க்காமல் விபத்தில் சிக்கினவருக்கு உதவினால், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலும் உங்கள்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம். முதலில் 108-ஐ அழையுங்கள். கழுத்து, முதுகில் அடி என்று தோன்றினால் நீங்களாகத் தூக்க வேண்டாம். கூட நில்லுங்கள், வண்டிகள் ஏறிவிடாமல் பாருங்கள்.

சபையில எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருறோம். கல்யாணம்னு வந்தா மட்டும் ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, வெட்கம்தான் இருக்கிறது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனே, முழுவதுமாக விட்டுவிடவேண்டும் என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டின சுவர். "பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று எபேசியர் 2:14-ஐ நாம் எத்தனை தடவை மனப்பாடமாகச் சொல்லியிருப்போம்.

தூரத்துக்கு ஏன் போகவேண்டும்? நம் சபை விருந்தான அசனத்தில் ஒரே பந்தி, ஒரே சாம்பார் வாளி. அடுத்த மாதம் மணமகள் தேவை விளம்பரத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர். மேலே கெரிசீம் மலையைப் பற்றிச் சொன்னேனே, ஒரே வேதம், ஒரே முற்பிதாக்கள், தண்ணீர் புழங்காத பகை என்று. அதைப் பாடம் எடுத்த அன்று ஒரு பையன் எழுந்து, "அப்ப நாம யாரு டீச்சர், யூதனா சமாரியனா?" என்று கேட்டான். ஆசாரியனாக இருக்கலாம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியா ஒண்ணு டீச்சர். அந்த ஆள் பொழச்சானா? சத்திரக்காரனுக்குப் பாக்கிப் பணம் கிடைச்சுதா?

ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. பதினோரு வருஷத்தில் சத்திரக்காரனைப்பற்றி வேறு யாரும் கேட்டதில்லை.

வேதத்தில் இல்லை, கண்ணு. இரண்டு பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று ஒரு சமாரியன் சொன்ன வார்த்தையை நம்பி, முன்பின் தெரியாத நோயாளியை உள்ளே வைத்துக்கொண்டான் அந்தச் சத்திரக்காரன். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அடிபட்டவன் உள்ளே படுத்திருக்கிறான், கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, சமாரியன் இன்னும் திரும்பி வரவில்லை.